மெல்லினம் ஆள் பிடித்த கதை

மெல்லினம் என்பது அவளுக்கு அப்பா வைத்த பட்டப்பெயர். அப்பா ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். வீட்டிலிருந்த மூன்று பெண்களையும் எழுத்துகளைப் போலவே வகை பிரித்து வைத்திருந்தார். குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி எடுக்கும் மூத்த மகள் வல்லினம். அவள் "ஹலோ" என்றாலே புகார் சொல்ல வந்தவர் தன்மேல்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொள்வார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தபடி இரண்டு பக்கமும் சமாதானம் பேசும் அம்மா இடையினம். இளையவள் வாயைத் திறந்தால் காற்றுதான் வரும், அதிலும் பாதி மூக்கு வழியாக. ஆகவே மெல்லினம்.

அவளுக்கு அந்தப் பெயரில் வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தம் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். பேருந்தில் "இறங்கணும்" என்று சொல்ல வாய் வராமல் மாதத்துக்கு இரண்டு முறையாவது அடுத்த நிறுத்தம் வரை போய்த் திரும்பி நடந்து வருவாள். அந்த நடைக்கு அவள் போட்டிருந்த செருப்பும் ஓர் அளவு பெரியது. கடைக்காரர் "சரியா இருக்கா?" என்று கேட்டபோது தலையாட்டிவிட்டிருந்தாள். தலையாட்டுவதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே அந்நிய மொழி.

இப்படிப்பட்டவள் கல்லூரியில் புள்ளியியல் எடுத்தது இயற்கைதான். எண்கள் திரும்பக் கேள்வி கேட்பதில்லை. ஆனால் கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே முதலாண்டு மாணவர்கள் எல்லாரையும் கலையரங்கில் உட்கார வைத்து, வேலைவாய்ப்பு வழிகாட்டி மேடம் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"மார்க் வாங்கறதுக்குப் புத்தகம் போதும். வேலை வாங்கறதுக்கு ஆளுங்க வேணும். கடைசி வருஷத்துல ஆள் தேடக் கூடாது, இன்னைக்கே ஆரம்பிக்கணும். வர்ற சனிக்கிழமை முன்னாள் மாணவர் கூட்டம். ஒவ்வொருத்தரும் முன்ன பின்ன தெரியாத ஏழு பேர்கிட்டயாவது பேசணும். விசிட்டிங் கார்டு வாங்கணும். ரெண்டு நாளுக்குள்ள அவங்களுக்கு லெட்டர் போடணும்."

எல்லாருக்கும் ஏழு கட்டம் போட்ட படிவம் ஒன்று வந்தது. பிறகு மேடம் லிஃப்ட் பேச்சு என்றால் என்னவென்று விளக்கினார்.

"ஒரு பெரிய கம்பெனி டைரக்டரும் நீங்களும் ஒரே லிஃப்ட்ல ஏறுறீங்க. பத்தாவது மாடி வர்றதுக்கு முப்பது செகண்ட். அதுக்குள்ள நீங்க யாரு, என்ன படிக்கிறீங்க, உங்களால அவருக்கு என்ன பிரயோஜனம்னு சொல்லி முடிச்சிடணும்."

அப்படி ஒரு லிஃப்ட் வந்தால் நான் படியேறிப் போய்விடுவேன் என்று மெல்லினம் முடிவு செய்தாள்.

ஆனாலும் வீட்டில் விஷயம் தெரிந்துபோயிற்று. அக்கா அவள் கையிலிருந்த படிவத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, அன்று மாலையே ஒரு பேச்சு எழுதிக் கொடுத்தாள். "ஆர்வமும் ஆற்றலும் மிக்க, தலைமைப் பண்பு நிறைந்த, எந்தச் சவாலையும் துணிவுடன் எதிர்கொள்ளும் இளம் புள்ளியியல் மாணவி நான்" என்று அது தொடங்கியது. அப்பா சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"ஆற்றல்னு போட்டிருக்கே, ஆதாரம் இருக்கா?"

இல்லை என்று மெல்லினம் தலையாட்டினாள். ஆற்றல் போயிற்று.

"தலைமைப் பண்பு?"

அக்காவே சிரித்துவிட்டாள். அதுவும் போயிற்று. கால் மணி நேரத்தில் அடித்து அடித்து எஞ்சியது இவ்வளவுதான்: "வணக்கம். நான் புள்ளியியல் முதலாண்டு மாணவி. எனக்கு எண்ணத் தெரியும். உங்கள் கார்டு கிடைக்குமா?"

"பிச்சை கேக்கற மாதிரி இருக்குப்பா," என்றாள் அக்கா.

"பிழை இல்லாம இருக்கு," என்றார் அப்பா.

அம்மா இரண்டு பேரையும் சாப்பிட வரச் சொன்னாள்.

சனிக்கிழமை காலை கூட்டம் நடக்கும் கட்டடத்துக்கு மெல்லினம் நாற்பது நிமிடம் முன்னதாகவே போய்விட்டாள். மூன்றாவது மாடியில் எதிரும் புதிருமாக இரண்டு அரங்கங்கள். நடுவில் இரண்டுக்கும் பொதுவான பெண்கள் கழிவறை. அதற்கு இந்தப் பக்கம் ஒரு வாசல், அந்தப் பக்கம் ஒரு வாசல். அவள் உள்ளே போய்க் கண்ணாடி முன் நின்று, கைகழுவும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, பேச்சைப் பதினாறு முறை சொல்லிப் பார்த்தாள். பதினேழாவது முறை சொல்லும்போது ஒருவர் உள்ளே வரவே, பதறிப்போய்க் கிடைத்த வாசல் வழியாக வெளியேறினாள்.

அவள் நுழைந்த அரங்கின் மேடையில் "பாதுகாப்பாக உயர்வோம்" என்று பெரிய பதாகை கட்டியிருந்தது. வேலை தேடுகிறவர்களுக்கு எவ்வளவு பொருத்தமான வாசகம் என்று அவள் மெச்சிக்கொண்டாள். அது லிஃப்ட் பராமரிப்பாளர்களின் ஆண்டு மாநாடு என்பது அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. பிழை திருத்துபவரின் மகள் சின்ன எழுத்தைப் படிக்கவில்லை.

வரவேற்பு மேசையில் இருந்தவர், "எங்கேர்ந்து வர்றீங்க?" என்றார்.

"புள்ளியியல்," என்று மூச்சு விட்டாள்.

"புள்ளிவிவரப் பிரிவா? தலைமை அலுவலகமா?"

அந்த ஊர் லிஃப்ட்காரர்கள் மாதாமாதம் பழுது அறிக்கை அனுப்ப வேண்டிய இடம் அது. மெல்லினத்துக்கு அதெல்லாம் தெரியாது. இல்லை என்று சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும். ஆமாம் என்று தலையாட்ட ஒன்றும் வேண்டாம். தலையாட்டினாள். "புள்ளிவிவரப் பிரிவு" என்று எழுதிய அட்டையை அவர் எழுந்து நின்று கொடுத்தார்.

முதலில் அகப்பட்டவர் நன்றாக இஸ்திரி போட்ட சட்டையும் நகக்கண்ணில் கிரீஸுமாக இருந்த ஒரு மெக்கானிக்.

"வணக்கம் சார், நான்..."

அவர் அட்டையைப் பார்த்துவிட்டார். "மேடம், போன மாச ரிப்போர்ட் நாங்க அனுப்பிட்டோமே! வரலைன்னு சொன்னாங்களா?"

"இல்ல சார்... உங்க கார்டு..."

அவர் முகம் வெளுத்தது. இரண்டு கையாலும் கார்டை எடுத்து நீட்டினார். "என்ன விசாரிக்கணும்னாலும் நேரா என்னையே கூப்பிடுங்க மேடம்."

எவ்வளவு நல்ல மனிதர் என்று மெல்லினம் நெகிழ்ந்துபோனாள். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவர் அவள் கேட்பதற்கு முன்பே கார்டைக் கொடுத்துவிட்டு, தன்னுடைய மேலாளரைப் பற்றி இரண்டு குறையும் சொன்னார். ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். இன்னொருவர் தேநீர் கொண்டுவந்தார். வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாலே மனிதர்கள் மனம் திறக்கிறார்கள் என்று எங்கோ படித்ததை அவள் நினைத்துக்கொண்டாள். இத்தனை நாள் வீணாகப் பயந்துவிட்டேனே, நான் இதற்கென்றே பிறந்தவள் போலிருக்கிறது! பதினோரு மணிக்குள் பத்தொன்பது கார்டு சேர்ந்துவிட்டது. படிவத்தில் கட்டம் போதாமல் பின்பக்கம் கோடு போட்டுக்கொண்டாள்.

அப்போது மேடையிலிருந்து தலைவர் அறிவித்தார்: "தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் மேடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

கைதட்டல். மெல்லினமும் தட்டினாள். பிறகுதான் எல்லாரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள். யாரோ வழிவிட்டார்கள், யாரோ படியேற்றினார்கள், யாரோ ஒலிபெருக்கியைத் தாழ்த்தி வைத்தார்கள். வேறு ஒன்றும் தெரியாததால் மனப்பாடம் செய்ததைச் சொன்னாள்.

"வணக்கம். நான் புள்ளியியல் முதலாண்டு மாணவி. எனக்கு எண்ணத் தெரியும். உங்கள் கார்டு கிடைக்குமா?"

அவள் குரல் முதல்முறையாக ஓர் அரங்கின் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது. வேறு எந்த நாளிலாவது சேர்ந்திருக்கலாம்.

"மாணவியா?" என்றார் தலைவர்.

"ஆமா சார். இது... லிஃப்ட் பேச்சு."

"லிஃப்ட்டைப் பத்தி ஒண்ணுமே வரலையேம்மா இதுல?"

அழுகை வந்துவிடும் போலிருந்தது. வழிகாட்டி மேடம் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். டைரக்டர், பத்து மாடி, முப்பது செகண்ட். மூன்றாவது வரிசையில், காதில் பென்சில் செருகியிருந்த ஒரு பெண் எழுந்தார்.

"பத்து மாடிக்கு முப்பது செகண்டா? கதவு திறந்து மூடவே ஏழு செகண்ட் போயிடுமே. பேசறதுக்கு இருபத்திமூணுதான் இருக்கு."

"எந்த மாடல்னு சொல்லல பாருங்க," என்றார் கிரீஸ் நகக்காரர்.

"நடுவுல யாருமே ஏற மாட்டாங்களா? ஆபீஸ் நேரம்னா ரெண்டு நிமிஷம் ஆகும்."

"கோர்ட்டு லிஃப்ட்ல ஏறினா கேஸையே பேசி முடிச்சிடலாம்," என்று ஒருவர் சொல்ல, அரங்கமே சிரித்தது. அதற்குப் பிறகு மேடையில் ஒரு பெண் நிற்பதையே அவர்கள் மறந்துவிட்டார்கள். வேகம், எடை, கதவு என்று பதினொரு நிமிடம் காரசாரமான விவாதம். மெல்லினம் பின்பக்கப் படி வழியாக இறங்கி ஓடினாள்.

எதிர் அரங்கில் முன்னாள் மாணவர் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி மேடம் மட்டும் இருந்தார். மெல்லினத்தின் கையில் இருந்த கார்டுக் கட்டைப் பார்த்ததும் அவர் கண்கள் விரிந்தன. எண்ணினார், படிக்கவில்லை.

திங்கட்கிழமை கலையரங்கில் அவளை எழுப்பி நிறுத்தினார். "பத்தொன்பது! நீங்கள்லாம் ஏழுக்கே மூக்கால அழுதீங்க!"

"மேடம், அது வந்து..."

"தன்னடக்கத்தைப் பாருங்க!"

இருநூறு பேர் கைதட்டினார்கள். மூக்கால் பேசுவதற்கென்றே பெயர் வாங்கியவள் உட்கார்ந்தாள்.

ரெண்டு நாளுக்குள் கடிதம் போட வேண்டும் என்ற விதி இருந்ததே. சாப்பாட்டு மேசையில் குடும்பமே உட்கார்ந்தது. பத்தொன்பது பேருக்கும் ஒரே கடிதம்: நான் தலைமை அலுவலகத்தைச் சேர்ந்தவள் அல்ல, கதவு மாறி வந்துவிட்டேன், நீங்கள் சொன்ன குறைகளை யாரிடமும் சொல்ல மாட்டேன், மன்னிக்கவும். அப்பா ஒரு காற்புள்ளி மட்டும் சேர்த்தார். "இந்தத் தடவை எல்லாத்துக்கும் ஆதாரம் இருக்கு," என்றார்.

நான்கு பதில் வந்தது. ஒருவர் "சரி" என்று எழுதியிருந்தார். கிரீஸ் நகக்காரர், அதெல்லாம் இருக்கட்டும், போன மாத ரிப்போர்ட் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டிருந்தார். ஓர் உதிரிபாக வியாபாரி தன்னுடைய வாராந்தரச் சுற்றறிக்கையை அனுப்பினார். அது வாராவாரம் வரத் தொடங்கியது, இன்றுவரை நிற்கவில்லை. நான்காவது, காதில் பென்சில் வைத்திருந்த பெண்ணிடமிருந்து. அவர் நகரசபையின் லிஃப்ட் பரிசோதகர். "எண்ணத் தெரியும் என்றீர்கள். என்னிடம் பதினொரு வருட நோட்டுகள் இருக்கின்றன. யாரும் எண்ணியதில்லை. புதன்கிழமை வர முடியுமா?" என்று இரண்டு வரியில் கேட்டிருந்தார்.

அவருடைய அலுவலகம் ஓர் ஒன்பது மாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் போகாத ஒரே தளம் அதுதான். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுவரோரம் முப்பத்துநான்கு நோட்டுகள். பரிசோதகருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். உபசாரம் தெரியாதவர்.

"உக்காருங்க. சம்பளம் கிடையாது. டீ உண்டு," என்றார்.

மெல்லினம் தலையாட்டினாள்.

புதன்கிழமை மதியங்களில் போய் உட்கார்ந்து எண்ணினாள். எந்தக் கட்டடம், எந்தத் தேதி, என்ன பழுது. மூன்று மாதம் கழித்து ஒரு மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தாள்: நகரத்தின் லிஃப்ட்களில் பத்துக்கு ஆறு திங்கட்கிழமைகளில்தான் பழுதாகின்றன! ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு திடீரென்று கூட்டம் ஏறுவதால் என்று காரணமும் கண்டுபிடித்து, நான்கு வண்ணத்தில் வரைபடம் போட்டு, இதை வைத்து ஏதாவது பரிசுகூடக் கிடைக்கலாம் என்று பேருந்தில் நினைத்துக்கொண்டே வந்து, அன்றும் நிறுத்தத்தைத் தவறவிட்டாள்.

பரிசோதகர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்கு. ஆனா நான் நோட்டு எழுதறதே திங்கட்கிழமைதான். வாரம் முழுக்க வந்த புகாரை அன்னைக்குத்தான் உக்காந்து எழுதுவேன். பழுதான நாள் தெரியாததுக்கெல்லாம் அன்னைக்குத் தேதியே போட்டுடுவேன்."

மெல்லினம் வரைபடத்தை நான்காக மடித்தாள். முடிந்திருந்தால் தன்னையும் அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருப்பாள்.

"இதை நீங்க மொத நாளே கேட்டிருக்கலாம்ல?" என்றார் பரிசோதகர். கோபமில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். மூன்று மாதமாக ஒரு மேசையின் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு அந்தப் பெண் தன்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது போலிருந்தது.

அடுத்த புதன்கிழமை அவள் முதல் நோட்டிலிருந்து திரும்பவும் ஆரம்பித்தாள். ஒவ்வொரு கட்டடத்துக்கு நேராகவும் "அவசர எண்" என்று ஒரு பத்தி இருந்தது. அதில் எல்லாம் சரிக்குறி.

"இது என்னங்க?" என்று கேட்டாள். கேட்டபிறகுதான் கேட்டது தன் வாய்தான் என்று தெரிந்தது.

"லிஃப்ட்டுக்குள்ள ஒரு போன் நம்பர் ஒட்டியிருக்கும்ல? மாட்டிக்கிட்டா கூப்பிட. அது ஒட்டியிருக்கான்னு பார்ப்பேன்."

"கூப்பிட்டா எடுக்கறாங்களா?"

பரிசோதகர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஒட்டியிருக்கான்னு பாக்கத்தான் எனக்கு உத்தரவு. எடுக்கறாங்களான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல." தொலைபேசியை அவள் பக்கம் தள்ளினார். "நீங்களே கேளுங்க. இருநூத்திப் பன்னெண்டு கட்டடம்."

இருநூற்றுப் பன்னிரண்டு அந்நியர்கள். வழிகாட்டி மேடம்கூட ஏழோடு விட்டார்.

அக்கா பயிற்சி கொடுத்தாள். "மொதல்ல எங்கேர்ந்து பேசறேன்னு சொல்லு. குரலை வயித்துலேர்ந்து எடு. செத்துப்போற மாதிரி பேசாத." மெல்லினம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். ஆனால் முதல் அழைப்பில், ஒரு வங்கிக் கட்டடத்தின் காவலாளி எடுத்தவுடன், எழுதி வைத்த தாள் கீழே விழுந்துவிட்டது.

"லிஃப்ட்... லிஃப்ட் விஷயமா..." என்று காற்றாகச் சொன்னாள்.

"மேடம் பயப்படாதீங்க!" என்று அலறினார் காவலாளி. "மூச்சை மெதுவா விடுங்க! இதோ வந்துட்டேன்!" தொலைபேசியைக் கீழே போட்டுவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. எட்டு மாடியும் ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டு, இரைக்க இரைக்கத் திரும்பி வந்து, "மேடம், எந்த லிஃப்ட்டுல இருக்கீங்க?" என்றார். இப்போது இரண்டு பேருக்குமே பேச மூச்சில்லை. அந்தக் கட்டடத்துக்கு நேராக அவள் "எடுக்கிறார், ஓடவும் செய்கிறார்" என்று எழுதினாள்.

ஆறு வாரம் ஆயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டில் நூற்றைம்பத்தொன்று சரியாக இருந்தன. இருபத்துமூன்று எண்கள் உபயோகத்திலேயே இல்லை. பத்தொன்பதில் யாரும் எடுக்கவில்லை. பதினெட்டில் சம்பந்தமில்லாதவர்கள் எடுத்தார்கள்; அதில் ஒரு ரொட்டிக் கடைக்காரர், அடிக்கடி யாரோ கத்துகிறார்கள், ரொட்டி வேண்டும் என்று சொல்வதில்லை, வைத்துவிடுவேன் என்றார். மிச்சம் ஒன்று. அதை எடுத்தவர் வயதான ஒருவர், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பழைய பராமரிப்பாளர்.

"நான் ரிட்டையர் ஆகி மூணு வருஷம் ஆச்சும்மா."

"அப்போ கூப்பிடறவங்ககிட்ட ராங் நம்பர்னு சொல்லிடுவீங்களா?"

"உள்ள மாட்டிக்கிட்டு நிக்கறவங்ககிட்ட ராங் நம்பர்னு எப்படிம்மா சொல்றது? புதுசா வந்திருக்கற ஆளுக்கு வீட்டுப் போன்லேர்ந்து தகவல் சொல்லிடுவேன். அவர் வந்து திறக்கற வரைக்கும் இவங்ககிட்ட பேசிக்கிட்டே இருப்பேன். மூணு வருஷத்துல ஒன்பது பேரு."

"என்ன பேசுவீங்க?"

"எதையாவது. இருட்டுல ஒரு குரல் இருந்தா போதும்."

போனை வைத்துவிட்டு மெல்லினம் அந்தக் கட்டடத்துக்கு நேராக "ஒன்பது பேர்" என்று எழுதினாள். தன்னைப் பற்றிக் கிண்டலாக நினைத்துக்கொள்ள அன்று அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அறுபத்தொரு கட்டடத்துக்கும் பரிசோதகர் நோட்டீஸ் அனுப்பினார். இரண்டு மாதத்தில் அறுபது எண்கள் மாறின. பெரியவர் மட்டும், "என்னோடது இருந்துட்டுப் போகட்டுமே," என்றார். பரிசோதகர் விதிப்புத்தகத்தை இரண்டு தடவை புரட்டிவிட்டு, புது எண்ணுக்குக் கீழே பழைய எண்ணையும் ஒட்டச் சொன்னார்.

அடுத்த வருடம் புதிய முதலாண்டு மாணவர்கள் வந்தபோது, வழிகாட்டி மேடம் அவளை மேடைக்கு அழைத்தார். "பத்தொன்பது கார்டு வாங்கின பொண்ணு!" மெல்லினம் ஒலிபெருக்கியை நன்றாக அருகில் இழுத்து வைத்துக்கொண்டு நடந்ததை நடந்தபடி சொன்னாள். கழிவறை வாசல், தலையாட்டல், திங்கட்கிழமை வரைபடம், எட்டு மாடி ஏறிய காவலாளி. அரங்கம் குலுங்கியது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் ஒரு மாணவன் எழுந்து, மிகுந்த அக்கறையோடு, "அப்போ நாங்க வேணும்னே தப்பான ஹாலுக்குப் போகணுமா மேடம்?" என்று கேட்டான். முன்வரிசையில் நாலைந்து பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள். "தெரியல," என்றாள் மெல்லினம்.

கீழே இறங்கியதும் மேடம் அவள் கையைப் பிடித்தார். "அந்தப் பத்தொன்பதும் லிஃப்ட்காரங்களா? நான் ஆண்டறிக்கையில முன்னாள் மாணவர்கள்னு போட்டுட்டேனே!"

"திருத்திடலாம் மேடம்."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றார் மேடம். ஆண்டறிக்கையில் அது இன்னும் அப்படியே இருக்கிறது.

படிப்பு முடிந்ததும் அதே அடித்தளத்தில் இரண்டாவது மேசை போட்டார்கள். விண்ணப்பம் போட்டு, தேர்வெழுதி, வரிசையில் நின்றுதான் கிடைத்தது. ஆனால் அப்படியொரு வேலை வரப்போகிறது என்று சொன்னவர் பரிசோதகர். மெல்லினத்துக்கு இப்போது நகரத்தில் ஏறக்குறைய இருநூறு பேரைத் தெரியும், எல்லாரையும் குரலால் மட்டும். தெருவில் எதிரே வந்தால் யாரென்று தெரியாது. ஒவ்வொரு அழைப்புக்கு முன்னும் இன்றும் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பாள், முதல் வாக்கியத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வாள்.

போன மாதம் பெரியவர் கூப்பிட்டார். "நேத்து ஒரு பொண்ணு மாட்டிக்கிச்சு. பதினேழு நிமிஷம். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். "பயந்தாங்களா?"

"அழுதுச்சு. ஏதோ இன்டர்வியூவுக்குக் கிளம்பின பொண்ணாம். நேரம் போயிடுச்சு. உனக்கு ஊர்ல நெறைய பேரைத் தெரியும்னு சொல்லி உன் நம்பரைக் குடுத்திருக்கேன். பேசு."

"எனக்கா? எனக்கு யாரைத் தெரியும்?" என்று பதறினாள். அவர் வைத்துவிட்டார்.

சாயங்காலம் அந்தப் பெண் கூப்பிட்டாள். குரல் அவ்வளவு மெதுவாக இருந்ததால் மெல்லினம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. "என்னால எந்த வேலையும் வாங்கித் தர முடியாதும்மா," என்று முதலிலேயே உண்மையைச் சொன்னாள். பரவாயில்லை என்றது அந்தப் பக்கம். போனை வைக்க மனமில்லாமல் மெல்லினம் மேசைமேல் கிடந்த தாளை எடுத்துப் புரட்டினாள். உதிரிபாக வியாபாரியின் அந்த வாரச் சுற்றறிக்கை. கடைசிப் பக்கத்தின் அடியில், கிடங்கைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று ஒரு வரி இருந்தது.

"எழுதிக்கிறீங்களா?" என்று கேட்டு, எண்ணை இரண்டு முறை நிதானமாகச் சொன்னாள். "நான் சொன்னேன்னு சொல்லுங்க. அவருக்கு என் முகம் தெரியாது, ஆனா ஆறு வருஷமா எனக்குக் கடுதாசி போடறார்."

அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்ததா என்று இன்னும் தெரியவில்லை. நாளைக்குக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று மெல்லினம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள்.